ஓ-பேராக ஓராண்டு: கிளம்பும் முன்பிருந்து திரும்பும் நாள் வரை

ஓ-பேராக, அதாவது ஒரு குடும்பத்துடன் தங்கி அவர்களுடைய குழந்தைகளைக் கவனிப்பவராக, வெளிநாட்டில் ஓராண்டு இருந்துவிட்டுத் திரும்பிய பின் கணக்குப் பார்த்தால், எனக்குக் குழந்தைகளால் வந்த சிரமம் குறைவு. பெரியவர்களிடம் உரிய நேரத்தில் கேட்காமல் விட்டவற்றால் வந்த சிரமமே அதிகம். வேலை எத்தனை மணிக்கு முடியும், சனிக்கிழமை மாலை யாருடையது, குழந்தை அடம்பிடித்தால் எந்த அளவுக்குக் கண்டிக்கலாம் என்பவை எல்லாம் முதல் வாரத்தில் கேட்டால் ஒரு நிமிடத்தில் பதில் கிடைத்துவிடுகிற கேள்விகள். ஐந்தாம் மாதத்தில் கேட்டால் அதே கேள்விகள் மனத்தாங்கலாகத் தெரிகின்றன. ஆகையால், எதை எப்போது கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும் என்ற வரிசையிலேயே இந்த வழிகாட்டியை எழுதியிருக்கிறேன்.

'ஓ-பேர்' என்பது 'சமநிலையில்' என்று பொருள்படும் பிரெஞ்சுத் தொடர். ஒரு குடும்பத்துடன் தங்கி, அவர்களுடைய குழந்தைகளைக் கவனித்து, சிறு வீட்டு வேலைகளில் கைகொடுத்து, அதற்கு ஈடாகத் தங்குமிடமும் சாப்பாடும் கைச்செலவுப் பணமும் அந்நாட்டு மொழியைக் கற்கும் வாய்ப்பும் பெறுவதே இந்த ஏற்பாடு. 1969-இல் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் கையெழுத்தான ஓ-பேர் பற்றிய ஐரோப்பிய உடன்படிக்கை, ஓ-பேர்கள் மாணவர் வகையையும் சேர்ந்தவர்கள் அல்லர், தொழிலாளர் வகையையும் சேர்ந்தவர்கள் அல்லர், இரண்டின் கூறுகளும் கலந்த தனி வகையினர் என்று தன் முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறது. அந்த உடன்படிக்கையை முறைப்படி ஏற்ற நாடுகள் மிகச் சிலவே என்றாலும், அந்த வாக்கியத்தில் இருக்கிற இரண்டுங்கெட்டான் நிலையை வீட்டுக்குள் நுழைந்த முதல் நாளே நீங்கள் உணர்வீர்கள். விருந்தாளியாக இருந்தால் தட்டைக் கழுவ வேண்டியதில்லை. ஊழியராக இருந்தால் ஆறு மணிக்கு மேல் கழுவ வேண்டியதில்லை. ஓ-பேருக்கு இந்த இரண்டு விடைகளுமே பொருந்துவதில்லை.

முதல் படி: போகும் நாட்டின் விதியைப் படியுங்கள்

குடும்பத்தைத் தேடுவதற்கு முன் நாட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனெனில் ஒரு நாட்டில் நியாயமாக இருப்பது அடுத்த நாட்டில் விதிமீறல். ஜெர்மனியில் ஓ-பேர் 18 வயது நிறைந்தவராகவும் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது 27 வயதை எட்டாதவராகவும் இருக்க வேண்டும்; ஏ1 என்னும் தொடக்க நிலை ஜெர்மன் மொழி தெரிந்திருக்க வேண்டும்; வாரத்துக்கு 30 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது; கைச்செலவுப் பணம் மாதம் 280 யூரோ, மொழி வகுப்புக்குக் குடும்பத்தின் பங்கு மாதம் 70 யூரோ. பிரான்சில் வார வரம்பு 25 மணி நேரம். அமெரிக்காவில் ஜே-1 என்னும் பரிமாற்றத் திட்ட விசாவின் கீழ் 1986 முதல் நடந்துவரும் திட்டத்தில், 18 முதல் 26 வயது வரையுள்ளவர்கள் நாளொன்றுக்கு 10 மணி நேரம், வாரத்துக்கு 45 மணி நேரம் வரை குழந்தைகளைக் கவனிக்கலாம். வாரத்துக்கு ஒன்றரை நாள் விடுப்பும் மாதத்தில் ஒரு முழு வார இறுதியும் தர வேண்டும். கல்லூரிப் படிப்பை அளக்கும் அலகான செமஸ்டர் மணி நேரத்தில் குறைந்தது ஆறுக்குரிய படிப்பை முடிக்க வேண்டும், அதற்குக் குடும்பம் 500 டாலர் வரை தர வேண்டும்.

இந்த எண்களை அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். பெயர் ஒன்றாக இருந்தாலும் 25 மணி நேர வாழ்க்கையும் 45 மணி நேர வாழ்க்கையும் ஒன்றல்ல. முன்னது மொழி படிக்கப் போகிறவருக்கு ஏற்றது. பின்னது ஏறக்குறைய முழுநேர வேலை, ஆனால் பணமும் அமைப்பு ரீதியான கண்காணிப்பும் கூடுதலாக உண்டு. உங்களுக்கு எது தேவை என்பதை இந்த இடத்தில்தான் முடிவு செய்ய வேண்டும்.

இத்திட்டம் எல்லா நாடுகளிலும் இல்லை என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள். நார்வே 2024-இல் தன் ஓ-பேர் திட்டத்தையே நிறுத்திவிட்டது. பிரிட்டனில் ஓ-பேருக்கென்று தனி விசா கிடையாது. சுற்றுலா விசாவில் வந்து சேருங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று எந்தக் குடும்பம் சொன்னாலும் அந்தப் பேச்சை அத்துடன் முடித்துக்கொள்ளுங்கள். விதிகளும் தொகைகளும் அவ்வப்போது மாறுவதால், விண்ணப்பிக்கும் மாதத்தில் அந்நாட்டுத் தூதரகத்தின் பக்கத்தில் உள்ளதையே இறுதியாகக் கொள்ள வேண்டும்.

இரண்டாம் படி: குடும்பத்தைத் தேர்ந்தெடுப்பது

குடும்பம் உங்களைத் தேர்ந்தெடுக்கிறது என்ற எண்ணத்தோடு வீடியோ அழைப்பில் உட்கார்ந்தால், எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிடுவீர்கள். நான் அப்படித்தான் ஆட்டினேன். குழந்தைகளைப் பிடிக்குமா, சமைப்பீர்களா, நீந்தத் தெரியுமா என்று அவர்கள் கேட்டார்கள். நான் பதில் சொன்னேன். திருப்பி ஒன்றும் கேட்கவில்லை. குறைந்தது மூன்று அழைப்புகளாவது பேசுங்கள். அவற்றில் ஒன்றில் குழந்தைகளும் இருக்கட்டும். பெற்றோர் பேசிக்கொண்டிருக்கும்போது குழந்தை குறுக்கே வந்தால் அவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதைப் பாருங்கள், அதிலிருந்து நிறையத் தெரிந்துவிடும்.

'ஒரு நாளில் எனக்கு என்ன வேலை இருக்கும்?' என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். 'கடந்த செவ்வாய்க்கிழமை காலை எழுந்ததிலிருந்து இரவு குழந்தைகள் தூங்கும் வரை வீட்டில் என்ன நடந்தது, அதில் எந்தப் பகுதியை நான் செய்வேன்?' என்று கேளுங்கள். உண்மையான ஒரு நாளைச் சொல்லத் தொடங்கினால் மறைக்க வேண்டியவை தாமாகவே வெளியே வரும். எனக்கு அறை தனியாக உண்டா, உள்ளே தாழிட முடியுமா, முந்தைய ஓ-பேருடன் நான் பேசலாமா, வீட்டில் கேமரா இருக்கிறதா, குழந்தைக்கு ஒவ்வாமை அல்லது தொடர் மருந்து உண்டா என்பவற்றையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். முந்தைய ஓ-பேரின் தொடர்பைத் தரத் தயங்கும் குடும்பத்தை உடனே ஒதுக்க வேண்டியதில்லை, அவருக்கும் தனியுரிமை உண்டல்லவா. ஆனால் காரணம் கேட்கும்போது பேச்சு தடுமாறினால் எச்சரிக்கை கொள்ளுங்கள்.

போலிக் குடும்பங்களை அடையாளம் காண்பது அவ்வளவு கடினமில்லை. வழக்கத்துக்கு மாறான பெரிய தொகையைச் சொல்வார்கள். வீடியோவில் வர மாட்டார்கள். இரண்டாம் மின்னஞ்சலிலேயே ஒப்பந்தம் வந்துவிடும். பிறகு விசாவை முடித்துத் தரும் வழக்கறிஞர் என்றோ பயண முகவர் என்றோ ஒருவர் தோன்றி முன்பணம் அனுப்பச் சொல்வார். விசாக் கட்டணத்தை நீங்களே நேரடியாகத் தூதரகத்துக்கோ அது நியமித்த விண்ணப்ப மையத்துக்கோதான் செலுத்துவீர்கள். இடையில் எவருக்கும் பணம் போகக் கூடாது.

மூன்றாம் படி: எழுத்தில் இருக்க வேண்டியவை

உரிமைகளும் கடமைகளும் எழுத்தில் இருக்க வேண்டும், அதுவும் கூடியவரை ஓ-பேர் சொந்த நாட்டை விட்டுப் புறப்படுவதற்கு முன்பே எழுதப்பட வேண்டும் என்று அந்த 1969 உடன்படிக்கையே கூறுகிறது. அச்சிட்ட ஒப்பந்தப் படிவத்தில் மணி நேரமும் தொகையும் விடுப்பும் இருக்கும். அதில் இராதவைதான் பின்னால் சண்டையாகும்: இரவு பெற்றோர் வெளியே போயிருக்கும்போது குழந்தை தூங்கிக்கொண்டிருக்க நீங்கள் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் நேரம் வேலை நேரமா, குழந்தைக்குக் காய்ச்சல் வந்து பள்ளி போகாத நாளின் கூடுதல் மணி நேரம் எங்கே சரிக்கட்டப்படும், குடும்பம் விடுமுறைப் பயணம் போகும்போது நீங்கள் உடன் போனால் அது உங்கள் விடுப்பா வேலையா, காரில் கீறல் விழுந்தால் யார் பொறுப்பு. இந்த நான்கையும் ஒரு பக்கத்தில் எழுதி இரு தரப்பும் ஒப்புக்கொண்டதாக மின்னஞ்சல் அனுப்பினாலே போதுமானது. ஜெர்மனியில், பெற்றோர் வெளியே போயிருக்க இப்படி வீட்டில் இருந்து குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் நேரமும் அந்த 30 மணி நேரத்துக்குள் அடங்கும் என்பது எனக்கு எட்டாம் மாதத்தில்தான், அங்கே இருந்த ஒரு தோழி சொல்லித் தெரிந்தது.

நான்காம் படி: கிளம்பும் முன்

உடுப்புகளைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள், நான் சொல்லவில்லை. குழந்தைகளுக்கான முதலுதவிப் பயிற்சியை முடித்துக்கொள்ளுங்கள். ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்குத் தொண்டையில் ஏதேனும் அடைத்து இருமவும் முடியாமல் போனால், முன்னால் குனியவைத்து இரு தோள்பட்டைகளுக்கும் நடுவே உள்ளங்கை அடிப்பகுதியால் ஐந்து முறை தட்டுவதும், பலனில்லை என்றால் வயிற்றின் மேற்பகுதியை உள்நோக்கி மேலாக ஐந்து முறை அழுத்துவதும் படித்துத் தெரிந்துகொள்ளும் விஷயங்கள் அல்ல. பயிற்சிப் பொம்மையில் கைபழகியிருக்க வேண்டும். ஒரு வயதுக்கு உட்பட்ட கைக்குழந்தைக்கு வயிற்றை அழுத்தக் கூடாது, மார்பைத்தான் அழுத்த வேண்டும் என்கிற வேறுபாடும் அப்போதுதான் மனத்தில் நிற்கும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் அனைத்துக்கும் அவசர எண் 112, அமெரிக்காவுக்கு 911. இரண்டாம் உலகப்போர் எப்போது முடிந்தது என்று அந்த மொழியில் சொல்லத் தெரியாவிட்டாலும், 'குழந்தை மூச்சுவிடவில்லை, முகவரி இது' என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

திரும்பி வரும் டிக்கெட்டுக்கான பணத்தைத் தனிக் கணக்கில் வைத்து அதைத் தொடாதீர்கள். பிடிக்காத வீட்டில் தங்கிவிடுகிறவர்களை அங்கே கட்டிப்போடுவது பெரும்பாலும் இந்தப் பணம் இல்லாமைதான். மருத்துவக் காப்பீட்டை யார் எடுக்கிறார்கள், அது எந்தத் தேதியிலிருந்து தொடங்குகிறது என்பதைப் பார்த்து, விமானம் ஏறும் நாளுக்கும் அந்தத் தேதிக்கும் இடைவெளி இல்லாமல் செய்துகொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: முதல் இரண்டு வாரம்

முகவரிப் பதிவு, குடியிருப்பு அனுமதி, வங்கிக் கணக்கு, உள்ளூர் சிம் கார்டு ஆகியவற்றை முதல் பத்து நாட்களில் முடித்துவிடுங்கள். பாஸ்போர்ட்டை நீங்களே வைத்திருங்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று கேட்டாலும் கொடுக்க வேண்டியதில்லை.

முதல் சில நாட்களாவது பெற்றோரில் ஒருவர் வீட்டில் இருந்து உங்களுக்கு வழக்கங்களைக் காட்டும்படி கேட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் செய்வதை அப்படியே பாருங்கள், குறிப்பெடுங்கள். பல் துலக்கிய பின் கதையா, கதைக்குப் பின் பல் துலக்கலா என்பது உங்களுக்கு ஒன்றுதான்; நான்கு வயதுக் குழந்தைக்கு அந்த வரிசை புரண்டால் உலகமே புரண்ட மாதிரி.

நான் பார்த்துக்கொண்ட இருவரில் மூத்தவளுக்கு ஏழு வயது, என் உச்சரிப்பைத் திருத்துவதிலேயே அவளுக்கு என் மேல் பிரியம் வந்துவிட்டது. இளையவனுக்கு நான்கு வயது. அம்மா வேலைக்குக் கிளம்பும் சத்தம் கேட்டதும் சாப்பாட்டு மேசைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வான். முதல் வாரம் அவனைக் கொஞ்சினேன், விளையாட்டுச் சாமான் காட்டினேன், மேசைக்கு அடியில் நானும் தவழ்ந்து போனேன். ஒவ்வொன்றுக்கும் இன்னும் சுவரோடு ஒட்டிக்கொண்டான். இரண்டாம் வாரம் எனக்கே அலுத்துப்போய், தினமும் அதே நேரத்துக்கு அவன் காலணிகளைக் கதவருகே எடுத்துவைத்துவிட்டு, பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து என் மொழிப் பாடத்தைப் படிக்கத் தொடங்கினேன். நான்காம் நாள் வந்து இடது காலை நீட்டினான். வலது காலணியைக் கையில் எடுத்துக்கொண்டு போய்விட்டான். இன்னும் ஒரு வாரம் இடது கால் மட்டுமே எனக்குக் கிடைத்தது. ஒரு காலில் காலணியும் மற்றதில் காலுறையுமாகவே கார் வரை நடந்தான். புதிதாக வருகிறவரைக் குழந்தை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றால் அன்பைக் காட்டுவதைவிட, நாளைக்கும் இதே நேரத்தில் இதே இடத்தில் இருப்பார் என்று காட்டுவதே வேலை செய்கிறது.

'நீ என் அம்மா இல்லை' என்று குழந்தை சொன்னால், 'ஆமாம், இல்லை. அம்மா ஆறு மணிக்கு வருவார்' என்று சொல்லிவிடுங்கள். அது உண்மை, அதில் வாதாட ஒன்றுமில்லை. கண்டிப்பு விஷயத்தில் மட்டும் பெற்றோரிடம் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும்: எந்த மூன்று விஷயங்களில் நான் விட்டுக்கொடுக்கக் கூடாது, மீறினால் நீங்கள் என்ன செய்வீர்கள், அதையே நானும் செய்யலாமா? அடிப்பது எந்த நிலையிலும் கிடையாது; ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் பெற்றோரே குழந்தையை அடிப்பதற்குச் சட்டப்படி தடை உண்டு.

ஆறாம் படி: மணிக்கணக்கு

என் ஆண்டைக் கெடுக்கப் பார்த்தது 'ஒரு அரை மணி நேரம் மட்டும்' என்ற வார்த்தைதான். அரை மணி நேரம் மட்டும் இவனைப் பார்த்துக்கொள், கடைக்குப் போய்விட்டு வருகிறேன். அரை மணி நேரம் மட்டும், ஒரு அழைப்பு இருக்கிறது. இப்படிக் கேட்ட குழந்தைகளின் அம்மா கெட்டவர் இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது இரவு இரண்டு முறை எழுந்து வந்து பார்த்தவர் அவர். அதனாலேயே மறுக்க வாய் வரவில்லை. மறுக்காததால் அவருக்கும் தெரியவில்லை. மூன்றாம் மாதம் முடியும்போது குழந்தைகளின் மேல் எரிந்து விழத் தொடங்கியிருந்தேன், அது எனக்கே பிடிக்கவில்லை.

பிறகு நான் செய்தது இதுதான், நீங்கள் முதல் நாளிலிருந்தே செய்யலாம். ஒரு தாளில் ஏழு கட்டங்கள் வரைந்து, குழந்தைகளுக்குப் பொறுப்பாக இருந்த ஒவ்வொரு நேரத்தையும் தொடங்கிய மணி, முடிந்த மணி என்று எழுதி, வாரக் கடைசியில் கூட்டினேன். முறையீடு எதுவும் எழுதவில்லை, எண்கள் மட்டும். மூன்று வாரத் தாள்கள் சேர்ந்த பின், குழந்தைகள் தூங்கியதும் பெற்றோர் இருவரிடமும், 'பதினைந்து நிமிடம் பேச வேண்டும், எப்போது வசதி?' என்று கேட்டேன். ஒப்பந்தத்தில் 30 மணி நேரம் இருந்தது. தாள்களில் 36, 41, 38. அந்த அம்மா இரண்டு முறை கூட்டிப் பார்த்தார், மூன்றாம் முறை கைபேசியில் கூட்டிப் பார்த்தார். பிறகு, 'எங்களுக்குத் தெரியவே இல்லை, ஏன் சொல்லவில்லை?' என்றார். அந்தக் கேள்விக்கு இன்றும் என்னிடம் நல்ல பதில் இல்லை.

அதன் பிறகு ஞாயிறு இரவு பத்து நிமிடம் அடுத்த வார அட்டவணையைச் சேர்ந்து எழுதுவது என்று வைத்துக்கொண்டோம். பேச வேண்டியது எதுவும் இல்லாத வாரத்திலும் அந்தப் பத்து நிமிடத்தை விடாதீர்கள், ஏனெனில் பேசுவதற்கென்று ஒரு நேரம் இருந்தால்தான் சிறிய விஷயத்தைச் சிறிய விஷயமாகவே சொல்ல முடிகிறது.

ஏழாம் படி: உங்களுக்கென்று ஒரு வாழ்க்கை

விடுப்பு நாளில் வீட்டை விட்டு வெளியே போங்கள். அறைக்குள் இருந்தால் கதவு தட்டப்படும், தட்டுவது குழந்தை என்பதால் திறப்பீர்கள். மொழி வகுப்பை முதல் மாதத்திலேயே தொடங்குங்கள்; மொழியைவிட, வேறு ஓ-பேர்கள் அங்கேதான் கிடைப்பார்கள், உங்கள் வீட்டில் நடப்பது எல்லா வீட்டிலும் நடப்பதா என்பது அவர்களிடம் பேசினால்தான் தெரியும். வீட்டு நினைவு பலருக்கும் வந்து இறங்கியவுடன் வருவதில்லை. எனக்குப் புதுமை தீர்ந்த இரண்டாம் மாதத்தில் வந்தது. அப்போது தினமும் ஊருக்கு வீடியோ அழைப்பு போட்டுப் பார்த்தேன். அது புண்ணைச் சொறிந்துகொண்டே இருப்பது போலத்தான் இருந்தது. வாரத்துக்கு இரண்டு நாள் என்று குறைத்த பிறகு தணிந்தது.

எட்டாம் படி: ஒத்துவரவில்லை என்றால்

சரிப்படாத குடும்பமும் உண்டு, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முகவர் அமைப்பு மூலம் வந்திருந்தால் முதலில் அதன் உள்ளூர்ப் பொறுப்பாளரிடம் பேசுங்கள். அமெரிக்கத் திட்டத்தில் அந்தப் பொறுப்பாளர் நீங்கள் வந்த 48 மணி நேரத்துக்குள் தொடர்புகொண்டாக வேண்டும், பிறகு மாதந்தோறும் பேசியாக வேண்டும். வழக்கமாக இரண்டு வார முன்னறிவிப்புடன் விலகலாம். குடும்பத்தை மாற்றினால் குடியிருப்பு அனுமதி என்னவாகும் என்பதை விலகல் கடிதம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மிரட்டல், தொடுதல், பணத்தைப் பிடித்துவைத்தல், பாஸ்போர்ட்டைத் தர மறுத்தல் ஆகியவற்றில் முன்னறிவிப்பு, மரியாதை எதுவும் தேவையில்லை. அன்றைக்கே வெளியேறிக் காவல்துறையையும் உங்கள் நாட்டுத் தூதரகத்தையும் அணுகுங்கள்.

கடைசிப் படி: விடைபெறுவது

குழந்தைகளிடம் ஒரு மாதம் முன்னதாகச் சொல்லிவிடுங்கள், நாட்காட்டியில் அந்த நாளைக் குறித்துக் காட்டுங்கள். தூங்கும்போது சொல்லாமல் போவதே நல்லது என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள், அடுத்து வருகிறவர்மீது அந்தக் குழந்தைக்கு நம்பிக்கை பிறக்க வருடம் ஆகிவிடும். குடும்பத்திடம் பணிச் சான்றுக் கடிதத்தை அங்கே இருக்கும்போதே வாங்கிக்கொள்ளுங்கள். அதில் தேதிகள், குழந்தைகளின் வயது, நீங்கள் செய்த வேலைகள் ஆகியவை இருக்கட்டும். வங்கிக் கணக்கை மூடுங்கள், முகவரிப் பதிவை நீக்குங்கள்.

அடுத்த ஓ-பேருக்கு ஒரு குறிப்பேடு எழுதிவைப்பது பலரும் செய்கிற காரியம். என் கடைசி வாரத்தில் நானும் உட்கார்ந்து எழுதினேன். மருந்துப் பெட்டி எங்கே, பள்ளியின் எண் என்ன, மூத்தவள் பொய் சொல்லும்போது எந்தப் பக்கம் பார்ப்பாள் என்றெல்லாம் எழுதிவிட்டு, இளையவனுக்கு இடது காலணிதான் முதலில் என்று எழுதினேன். அதற்கு அடுத்த பக்கத்தில் ஏழு கட்டங்கள் போட்ட என் மணிக்கணக்குத் தாளின் வெற்று நகல்கள் நான்கை, அந்த அம்மாவுக்குக் காட்டிவிட்டே ஒட்டிவைத்தேன்.